விளம்பரப் பாட்டு: காதை அடைக்கும் சத்தம், பாடியவருக்குப் போகாத காசு

விளம்பரம் வந்தால் மட்டும் சத்தம் கூடுகிறதே, கேட்க ஆளில்லையா என்பது தொலைக்காட்சி பார்ப்பவர்களின் பழைய கேள்வி. விளம்பரத்தில் ஒருவர் கிதாரோடு நின்று பாடுகிறாரே, அவர் உண்மையிலேயே பாடுகிறாரா, ஒரு நாளைக்கு நாற்பது தடவை ஓடினால் நாற்பது தடவையும் அவருக்குக் காசு வருமா என்பது இன்னொரு கேள்வி. இரண்டுக்கும் சம்பந்தமில்லாததுபோலத் தோன்றும். ஆனால் பார்ப்பவரின் எரிச்சலையும் பாடியவரின் வருமானத்தையும் தீர்மானிப்பது பெரும்பாலும் ஒரே எண்தான்: எத்தனை முறை ஓடியது என்பது. அமெரிக்காவில் அந்த எண் பாடியவரின் சம்பளத்தில் ஏறுகிறது. இந்தியாவில் பெரும்பாலும் ஏறுவதில்லை. இதைப் புரிந்துகொள்ள, முதலில் சத்தத்திலிருந்து தொடங்க வேண்டும்.

சத்தம் எப்படிக் கூடுகிறது

ஒலிக்கு இரண்டு அளவுகள் உண்டு. ஒன்று உச்சம்: ஒலி அலை ஒரு கணத்தில் எவ்வளவு உயரம் போகிறது என்பது. மற்றது உரப்பு: சில நொடிகள் கேட்டபின் காதுக்கு எவ்வளவு சத்தமாகத் தோன்றுகிறது என்பது. கதவை அறையும் ஓசைக்கு உச்சம் பெரிது, ஆனால் கணத்தில் முடிந்துவிடும். மிக்ஸி ஓடும் ஓசைக்கு உச்சம் அதைவிடச் சிறிது, ஆனால் அது நம்மை வாட்டி எடுக்கும்.

தொலைக்காட்சி நிலையங்கள் நெடுங்காலம் அளந்தது உச்சத்தைத்தான். டிஜிட்டல் ஒலியில் உச்சத்துக்கு மேல் ஒரு கூரை உண்டு, அதைத் தாண்டினால் ஒலி உடைந்துபோகும். ஆகவே "இந்த அளவைத் தாண்டாதே" என்பது மட்டுமே விதியாக இருந்தது. விளம்பர ஒலிப்பதிவாளர்கள் அந்த விதியை மீறவில்லை, அதற்குள்ளேயே இடம் கண்டுபிடித்தார்கள்.

கையாண்ட கருவி கம்ப்ரஸர். குறிப்பிட்ட அளவைத் தாண்டும் ஒலியை அது அமுக்கும். உதாரணமாக 4:1 விகிதத்தில் வைத்தால், எல்லையைத் தாண்டி 8 டெசிபல் ஏறவேண்டிய ஒலி 2 டெசிபல் மட்டுமே ஏறும். உரத்த இடங்களை இப்படி அமுக்கியபின் மொத்தத்தையும் தூக்கி, கடைசியில் லிமிட்டர் வைத்து உச்சத்தைக் கூரைக்குச் சற்றுக் கீழே நிறுத்திவிடுவார்கள். உச்சம் விதிக்கு உட்பட்டே இருக்கும், சராசரி மட்டும் எங்கேயோ போயிருக்கும். இதோடு மனிதக் காது மிகவும் கூர்மையாகக் கேட்கும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையான பகுதியையும் கொஞ்சம் ஏற்றிவிட்டால், பக்கத்து அறையில் இருப்பவருக்கும் பிராண்டின் பெயர் கேட்கும். சுமார் 10 டெசிபல் கூடினால் காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றும் என்பது பொதுவான கணக்கு. ஒரு தொடரின் உரையாடலுக்கும் இப்படி அமுக்கித் தூக்கிய விளம்பரத்துக்கும் இடையே அந்த 10 டெசிபல் எளிதாக வந்துவிடும்.

உரப்பை அளக்க வந்த அளவுகோல்

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐ.டி.யு. 2006-ல் பி.எஸ்.1770 என்ற அளவீட்டு முறையை வெளியிட்டது. காது கேட்கும் விதத்துக்கு ஏற்ப ஒலியை முதலில் வடிகட்டும், அதாவது அடித்தொனியைக் குறைத்து மேல்தொனியைச் சற்று ஏற்றும். பிறகு 0.4 நொடித் துண்டுகளாகச் சராசரி எடுக்கும். பின்னால் வந்த திருத்தத்தில், மௌனமான துண்டுகளைக் கணக்கில் சேர்க்காமல் விடும் ஏற்பாடும் வந்தது. கிடைக்கும் எண்ணின் அலகு அமெரிக்காவில் எல்.கே.எஃப்.எஸ்., ஐரோப்பாவில் எல்.யு.எஃப்.எஸ். பெயர்தான் வேறு, அளவு ஒன்றே.

இதன் மேல் ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியம் 2010-ல் ஆர்128 பரிந்துரையைக் கட்டியது: எல்லா நிகழ்ச்சியும் எல்லா விளம்பரமும் மைனஸ் 23-ல் நிற்க வேண்டும் (டிஜிட்டல் கூரை பூஜ்யம், அதற்குக் கீழே உள்ளவை மைனஸ்). அமெரிக்காவில் இலக்கு மைனஸ் 24. அங்கே அது சட்டத்தின் வழியாகவே வந்தது. கலிபோர்னியாவைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் அன்னா எஷூ கொண்டுவந்த 'கால்ம்' சட்டத்தில் ஒபாமா 2010 டிசம்பரில் கையெழுத்திட்டார், 2012 டிசம்பர் 13 முதல் விதிகள் அமலுக்கு வந்தன. இணையவழி ஓடைச் சேவைகள் அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. அந்த ஓட்டையை அடைக்கக் கலிபோர்னியா மாநிலம் 2025-ல் தனிச் சட்டம் இயற்றியது. அது 2026 ஜூலை 1 முதல் பொருந்தும்.

சட்டம் வந்தும் எரிச்சல் முழுதும் தீரவில்லை. காரணங்கள் தொழில்நுட்பத்திலேயே இருக்கின்றன.

1. சராசரி என்பது முழு விளம்பரத்துக்கும் சேர்த்து எடுப்பது. முதல் 15 நொடி மெல்லிய பியானோ, அடுத்த 15 நொடி தாரை தப்பட்டை என்று வைத்தால் மொத்தச் சராசரி சரியாகவே வரும், பின்பாதி காதைக் கிழிக்கும். ஐரோப்பியப் பரிந்துரையின் துணை ஆவணம் இதற்காகவே குறும் விளம்பரங்களில் எந்த 3 நொடித் துண்டும் மைனஸ் 18-ஐத் தாண்டக் கூடாது என்று தனி எல்லை வைக்கிறது.

2. படமும் விளம்பரமும் ஒரே சராசரியில் நின்றாலும், விளம்பரத்துக்கு முந்திய காட்சி படத்தின் சராசரியில் இருக்க வேண்டும் என்பதில்லை. கிசுகிசுப்பான காட்சி ஒன்று மைனஸ் 35-ல் முடிந்து, மைனஸ் 24-ல் சீராக ஓடும் விளம்பரம் தொடங்கினால் தாவல் 11 டெசிபல். விதிப்படி எந்தத் தவறும் இல்லை. பரபரப்பான இடத்தில் காட்சியைச் சட்டென்று நிறுத்தி இடைவேளை விடும் தொடர்களில் இது அன்றாடம் நடப்பது.

3. சில ஒளிபரப்பு நிலையங்களில் ஒலியைத் தானாகச் சமன்செய்யும் கருவி இருக்கும். மெல்லிய காட்சி நீண்டால் அது மெதுவாக ஒலியை ஏற்றிக்கொண்டே போகும். ஏற்றி வைத்திருக்கும் நேரத்தில் விளம்பரம் வந்து விழுந்தால் முதல் சொல் வெடிக்கும், அதற்குப் பிறகுதான் கருவி சுதாரித்துக் குறைக்கும். முதல் அரை நொடி மட்டும் தூக்கிப்போடுகிறதென்றால் அனேகமாகக் காரணம் இதுதான்.

இந்தியாவில் என்ன விதி

1994-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி வலைப்பின்னல் விதிகளில் 7-ஆவது விதி விளம்பர நெறிகளைச் சொல்கிறது. விளம்பரத்தின் படமும் ஒலியும் மிகையான 'சத்தமாக' இருக்கக் கூடாது என்று அதில் ஒரு வரி இருக்கிறது. படம் எப்படிச் சத்தமாக இருக்கும் என்பதை எழுதியவரிடம்தான் கேட்க வேண்டும். அந்த வரியில் எண் இல்லை என்பதுதான் பெரிய குறை. மைனஸ் 23 என்றோ 24 என்றோ சொல்லியிருந்தால் யார் வேண்டுமானாலும் அளந்து காட்டலாம். 'மிகையான' என்று மட்டும் சொன்னால் புகார் கொடுப்பவரின் காதும் சானலின் காதும் மோதிக்கொண்டு நிற்கும்.

அதே 7-ஆவது விதி, மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்கிறது: வணிக விளம்பரம் 10 நிமிடம், சானல் தன்னைத் தானே விளம்பரப்படுத்திக்கொள்ள 2 நிமிடம். 2013-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இந்த நேர வரம்பைக் கறாராக்க முயன்றபோது ஒளிபரப்பாளர்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

புகார் செய்ய விரும்புபவருக்கு வழி உண்டு. 2021-ல் திருத்தப்பட்ட விதிகளின்படி முதல் புகார் சானலுக்கே போக வேண்டும், அது 15 நாளில் பதில் சொல்ல வேண்டும். சானல் பெயர், தேதி, மணி நிமிடம், எந்த விளம்பரம், அதற்கு முன் என்ன நிகழ்ச்சி என்று எழுதினால்தான் அந்தப் பதிவை எடுத்துப் பார்க்க முடியும். உள்ளூர் கேபிள்காரர் தன் சொந்தச் சானலில் ஓட்டும் ஜவுளிக்கடை விளம்பரம்தான் பிரச்சினை என்றால் பெரிய சானலுக்கு எழுதிப் பயனில்லை. அது அவருடைய கணினியிலிருந்து நேராகப் போகிறது, இடையில் சமன்செய்ய எந்தக் கருவியும் இருக்காது.

வீட்டளவில் ஒரு தற்காப்பு: தொலைக்காட்சியின் ஒலி அமைப்பில் 'ஆட்டோ வால்யூம்', 'வால்யூம் லெவலர்', 'நைட் மோட்' போன்ற பெயர்களில் ஒரு வசதி இருக்கும். அதுவும் ஒரு கம்ப்ரஸர்தான். தொடருக்கும் செய்திக்கும் நன்றாக வேலை செய்யும். கச்சேரி பார்க்கும்போது அணைத்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் ஆலாபனையின் மெல்லிய இடங்களில் தம்பூரா தானாக எழும்பி, பாடகர் குரலெடுத்ததும் அமுங்கும்.

திரும்பத் திரும்ப ஏன் வருகிறது

சத்தத்தைவிடப் பெரிய எரிச்சல் திரும்ப வருவது. விளம்பர நேரம் வாங்குபவர்கள் ஜி.ஆர்.பி. என்ற கணக்கில் வாங்குகிறார்கள். எத்தனை சதவீத வீடுகளை எட்டியது என்பதை, ஒரு வீடு சராசரியாக எத்தனை முறை பார்த்தது என்பதால் பெருக்கினால் வருவது அது. 80 சதவீத வீடுகள், சராசரி 6 முறை என்றால் 480.

அந்தச் சராசரிதான் ஏமாற்றுகிறது. கணக்குக்காக 100 வீடுகளை எடுத்துக்கொள்வோம். 20 வீடுகள் அந்த விளம்பரத்தைப் பார்க்கவேயில்லை. எப்போதாவது தொலைக்காட்சி போடும் 20 வீடுகள் ஒரு முறை, நடுத்தரமாகப் பார்க்கும் 40 வீடுகள் மூன்று முறை, காலை முதல் இரவு வரை பெட்டி ஓடும் 20 வீடுகள் பதினேழு முறை பார்த்தன. மொத்தம் 20 + 120 + 340, அதாவது 480. எட்டிய 80 வீடுகளுக்கும் சராசரி 6. ஆனால் ஆறு முறை பார்த்த வீடு ஒன்றுகூட இல்லை! விளம்பரதாரர் நடுத்தர வீட்டுக்காக இன்னொரு முறை ஓட்டும்போதெல்லாம், பதினேழு முறை பார்த்த வீடுதான் முதலில் அடிவாங்குகிறது. ரொம்பத் தொல்லை என்று புலம்புபவரும், அந்த விளம்பரத்தைப் பார்த்ததே இல்லையே என்று வியப்பவரும் ஒரே தெருவில் இருப்பது இதனால்தான்.

அளவுக்கு மீறினால் பலன் குறைகிறது என்பது விளம்பரத்துறைக்குத் தெரியாததல்ல. கச்சியோப்போ, பெட்டி என்ற இரு உளவியலாளர்கள் 1979-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வாதத்தை ஒரு முறை கேட்டவர்களைவிட மூன்று முறை கேட்டவர்கள் அதிகம் உடன்பட்டார்கள், ஐந்து முறை கேட்டவர்களிடம் உடன்பாடு குறைந்தது. பாட்டுக்கு இந்த எல்லை சற்றுத் தள்ளிப்போகும், ஏனென்றால் பிடிக்காத மெட்டும் நினைவில் ஒட்டிக்கொள்ளும். கடையில் பொருளை எடுக்கும் கணத்தில் பெயர் நினைவுக்கு வந்தால் போதும், அன்பு வேண்டாம் என்று நினைக்கும் விளம்பரதாரர் எரிச்சலைச் செலவாகவே எழுதுவதில்லை.

30 நொடிக்குள் ஒரு பாட்டு

ஜிங்கிள், அதாவது விளம்பரப் பாட்டு, கட்டுவதில் முதல் வேலை கணக்குப்போடுவது. நிமிடத்துக்கு 120 தட்டு, நாலு தட்டுக்கு ஓர் ஆவர்த்தனம் என்றால் ஓர் ஆவர்த்தனம் 2 நொடி. 30 நொடிக்குள் 15 ஆவர்த்தனம் வரும். அது ஒற்றைப்படை, பாட்டு நொண்டும். 128 தட்டு வைத்தால் ஓர் ஆவர்த்தனம் 1.875 நொடி, 16 ஆவர்த்தனம் சரியாக 30 நொடி. ஆனால் கடைசித் தட்டின் எதிரொலி அடங்க இடம் வேண்டும், ஆகவே நடைமுறையில் வேகத்தை இன்னும் கொஞ்சம் கூட்டியோ கடைசி ஆவர்த்தனத்தை விட்டோ முடிப்பார்கள். விளம்பரப் பாட்டுகள் எல்லாமே அவசரமாக ஓடுவதுபோல இருப்பதற்குப் பாதிக் காரணம் இந்தக் கணக்கு.

இந்தியாவில் விளம்பர நேரத்தின் விலை 10 நொடிக் கணக்கில். 30 நொடிப் படம் இரண்டு வாரம் ஓடியதும் 20, 15, 10 என்று வெட்டத் தொடங்குவார்கள். வெட்டியபின் மிஞ்சுவது பெரும்பாலும் பல்லவியின் வாலும் பிராண்ட் பெயரும்தான். முழுப் பாட்டில் ரசிக்கத்தக்க ஒரு சரணம் இருந்திருக்கலாம், நம் காதில் நிரந்தரமாகத் தங்குவதோ ஐந்து நொடி வால். ஐந்து சுரத்தில் இன்டெலுக்கு வால்டர் வெர்சோவா 1994-ல் செய்த ஒலிமுத்திரையும், ஏர்டெலுக்கு ஏ.ஆர்.ரஹ்மான் 2002-ல் செய்த மெட்டும் இந்த வெட்டுக்குத் தப்பும்படி ஆரம்பத்திலேயே கட்டப்பட்டவை. ரஹ்மான் 1992-ல் திரைக்கு வருவதற்கு முன் சென்னையில் ஜிங்கிள்கள் செய்துகொண்டிருந்தவர், இந்தச் சுருக்கம் அவருக்குப் பழகிய வேலை.

வேற்றுமொழிப் பாட்டுக்குத் தமிழ் உதடு

தமிழ்ப் பார்வையாளருக்குத் தனியாக ஓர் எரிச்சல் உண்டு. இந்தியில் எடுத்த விளம்பரப் பாட்டைத் தமிழில் மாற்றிப் போடும்போது வரும் கோணல் அது. அது பாடியவரின் குற்றமாகப் பேசப்படுகிறது, பெரும்பாலும் அவர் குற்றமில்லை.

மும்பையிலிருந்து வருவது நான்கு: படம், குரல் நீக்கிய இசைத் தடம், இந்தியில் பாடிய வழிகாட்டுக் குரல், வரிகளின் பொருள். தமிழ் எழுதுபவருக்கு மெட்டை மாற்றும் உரிமை இல்லை. அவர் முன்னால் மூன்று முட்டுக்கட்டைகள்.

முதலாவது உதடு. நெருக்கக் காட்சியில் நடிகரின் உதடு மூடும் இடத்தில் ப அல்லது ம வர வேண்டும், குவியும் இடத்தில் உ, ஒ போன்ற ஒலி வர வேண்டும். தூரக் காட்சியில் இந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே அனுபவமுள்ளவர்கள் படத்தை முதலில் ஒலியில்லாமல் ஓட்டி, உதடு தெரியும் நொடிகளை மட்டும் குறித்துக்கொள்வார்கள். 30 நொடியில் அது 8 நொடியைத் தாண்டுவது அபூர்வம்.

இரண்டாவது அசை. 'ஹர் தின்' என்று இரண்டு அசையில் இந்தி முடித்த இடத்தில் 'ஒவ்வொரு நாளும்' ஐந்து அசை கேட்கும். 'தினமும்' என்று சுருக்கினாலும் மூன்று. ஒரு சுரம் கூடுதலாகப் பிளந்தே ஆக வேண்டும்.

மூன்றாவதுதான் பெரிய ஆபத்து: குறில், நெடில். நீண்ட சுரத்தில் குறில் விழுந்தால் தமிழில் சொல்லே மாறிவிடும். பற்பசை விளம்பரத்தில் 'பல்' நீண்ட சுரத்தில் உட்கார்ந்தால் 'பால்' ஆகிவிடும். தலைக்கு எண்ணெய் விற்கும் பாட்டில் 'முடி' இழுபட்டால் 'மூடி'. மெட்டமைப்பாளர் பக்கத்தில் இருந்தால் அந்த நீண்ட சுரத்தை இரண்டு குறுஞ்சுரமாக உடைத்துக் கொடுத்துவிடுவார். ஆனால் இசைத் தடத்தில் ஒரு கீபோர்டோ புல்லாங்குழலோ குரலின் மெட்டையே இரட்டித்து வாசித்திருந்தால், பாடுபவர் விலகினால் அபசுரமாகக் கேட்கும். ஆகவே வேறு மொழிக்குப் போகப்போகும் பாட்டில், மெட்டை இரட்டிக்கும் வாத்தியத்தைத் தனித் தடமாகக் கேட்டு வாங்க வேண்டும். அதைக் கேட்க மறந்த இடத்தில்தான் தமிழ் நொறுங்குகிறது.

முகம் ஒருவர், குரல் ஒருவர்

அமெரிக்காவில் 2007 முதல் சில ஆண்டுகள் ஓயாமல் ஓடிய, ஒருவரின் கடன் வரலாற்று அறிக்கையைத் தரும் ஃப்ரீகிரெடிட்ரிப்போர்ட்.காம் தளத்தின் விளம்பரங்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கடன் மதிப்பீட்டைப் பார்க்காமல் விட்டதால் வாழ்க்கை சரிந்த இளைஞன், கடல் உணவகத்தில் கடற்கொள்ளையன் உடையில் பரிமாறிக்கொண்டே கிதாரோடு பாடுவான். ஒவ்வொரு பாட்டும் மனதில் ஒட்டிக்கொள்ளும், ஒவ்வொரு பாட்டும் இணையத்தில் திட்டு வாங்கும். திரையில் இருந்தவர் கியூபெக்கைச் சேர்ந்த பிரெஞ்சு மொழிக்காரரான எரிக் வியலெட் என்ற நடிகர். அவர் வாயசைத்தார். பாடியவர் டேவ் மூலன்ஃபெல்ட், அந்த விளம்பரங்களைச் செய்த மார்ட்டின் ஏஜென்சியில் வேலை பார்த்த எழுத்தாளர், பாட்டை எழுதியவரும் அவரே. தெருவில் அடையாளம் காணப்பட்டவர் ஒருவர், காதில் குடியிருந்தவர் இன்னொருவர்.

அந்தத் தளத்தின் மேலிருந்த உண்மையான வழக்கு பாட்டைப் பற்றியதே அல்ல. பெயரில் 'ஃப்ரீ' இருந்தாலும், இலவச அறிக்கை வாங்கியவர் கட்டணக் கண்காணிப்புச் சேவை ஒன்றில் சேர்க்கப்பட்டார், சோதனைக் காலத்துக்குள் ரத்து செய்யாவிட்டால் கட்டணம். 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமெரிக்கர்களுக்கு ஆண்டுக்கொரு முறை உண்மையிலேயே இலவசமாக அறிக்கை தரும் தளம் வேறு. இந்தக் குழப்பம் தொடர்பாக மத்திய வர்த்தக ஆணையம் அந்த நிறுவனத்தோடு செய்துகொண்ட சமரசத்தில் 2005-ல் 9.5 லட்சம் டாலர் வாங்கியது. 2007-ல் மீண்டும் 3 லட்சம் டாலர். 2009-ல் ஆணையமே அந்த விளம்பரத்தைப் பகடி செய்து பாட்டு வீடியோ வெளியிட்டது, அரசு அலுவலகம் ஜிங்கிளுக்கு ஜிங்கிளால் பதில் சொன்னது அபூர்வம்தான். (இந்தியாவில், ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி 2017 ஜனவரி முதல் ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். பாட்டுப் பாடி யாரும் சொல்லாததால் பலருக்குத் தெரியாது.)

காசு: ஓட ஓடவா, ஒரே தடவையா

அமெரிக்க முறையில் விளம்பரப் பாடகர்கள் நடிகர்களோடு சேர்ந்து சாக்-ஆஃப்ட்ரா தொழிற்சங்கத்தில் வருகிறார்கள், வாத்தியக்காரர்கள் ஏ.எஃப்.எம். என்ற இசைக்கலைஞர் சங்கத்தில். பாடகர்களுக்கான மரபான ஒப்பந்தத்தின் அமைப்பு சுருக்கமாக இப்படி:

1. பதிவு நாளுக்கு ஒரு செஷன் தொகை.
2. பயன்பாட்டுத் தொகை 13 வாரச் சுற்றுகளாகக் கணக்கிடப்படும். பெரிய தேசியத் தொலைக்காட்சி வலைப்பின்னல்களின் நிகழ்ச்சிகளில் ஓடினால் ஒவ்வொரு ஒளிபரப்புக்கும் தொகை. முதல் தடவைக்கு அதிகம், அடுத்தடுத்துக் குறைந்துகொண்டே போகும்.
3. ஓட்டாமல் வைத்திருந்தாலும், போட்டி நிறுவனத்துக்குப் பாட முடியாதபடி கலைஞரைக் கட்டிவைப்பதால், நடிகர்களுக்கும் தனிப்பாடகர்களுக்கும் 13 வாரத்துக்கொரு தக்கவைப்புத் தொகை.
4. திரையில் முகம் தெரிந்தால் ஒரு விகிதம், குரல் மட்டும் என்றால் அதைவிடக் குறைவு. கூட்டாகப் பாடினால் குழு பெரிதாகப் பெரிதாகத் தலைக்கு இன்னும் குறைவு.

இதை உடைக்க விளம்பரத்துறை முயன்றதால்தான் 2000-ல் மே 1 தொடங்கி அக்டோபர் இறுதி வரை விளம்பர நடிகர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரிய வலைப்பின்னல்களிலும் ஒரே மொத்தத் தொகை போதும் என்றது துறை. ஓடுந்தோறும் பணம் என்ற முறையைக் கேபிள் சானல்களுக்கும் நீட்ட வேண்டும் என்றன சங்கங்கள். ஆறு மாதத்துக்குப் பின், வலைப்பின்னல்களில் பழைய முறை தப்பியது, கேபிளில் மொத்தத் தொகை முறையே நீடித்து அளவு மட்டும் கூடியது.

இந்தியாவில் வழக்கம் ஒரே தொகை. பாடகர் வருவார், இரண்டு மணி நேரத்தில் பாடிவிட்டுப் போவார், பில் கொடுப்பார். அந்தப் பாட்டு பத்து நாளில் மறையலாம், பத்து வருடமும் ஓடலாம், தொகை ஒன்றுதான். விளம்பரதாரரின் பக்கத்திலிருந்து பார்த்தால், இன்னொரு முறை ஓட்டுவதற்கு நேரத்தின் விலை உண்டு, இசைக்கான செலவு பூஜ்யம். புதுப் பாட்டு செய்வதைவிடப் பழையதையே தேயத் தேய ஓட்டுவது மலிவு. பார்ப்பவரின் எரிச்சலுக்கும் பாடியவரின் பைக்கும் உள்ள தொடர்பு இங்கேதான் அறுந்துபோகிறது.

சட்டத்தில் இடமே இல்லையா என்றால், இருக்கிறது. 2012-ல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தில் இரண்டு பகுதிகள் முக்கியம். 18-ஆவது பிரிவில் சேர்த்த நிபந்தனை, சினிமாப் படத்தில் இடம்பெறும் பாட்டின் வரிகளுக்கும் இசைக்கும் உரியவர்கள், திரையரங்கில் படத்தோடு காட்டுவது தவிர்த்த மற்றப் பயன்பாடுகளுக்குச் சம பங்கு ராயல்டி பெறும் உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது என்கிறது. 38ஏ பிரிவு, நிகழ்த்துகலைஞருக்கு வணிகப் பயன்பாட்டில் ராயல்டி உண்டு என்கிறது. அந்தச் சட்டத்தில் 'சினிமாப் படம்' என்பதன் வரையறை எந்தக் காட்சிப் பதிவையும் உள்ளடக்கும் அளவுக்கு விரிந்தது. 30 நொடி விளம்பரமும் அதற்குள் அடங்கும் என்று வாதிட நல்ல இடம் உண்டு. ஆனால் அந்த வாதத்தை எடுத்துக்கொண்டு, அடுத்த வாரம் வேலை தரப்போகும் ஏஜென்சியோடு யார் மல்லுக்கு நிற்பது? ஓடிய எண்ணிக்கையைக் கணக்கெடுத்துப் பாடகருக்குச் சொல்லும் ஏற்பாடும் இல்லாதபோது, உரிமை தாளில் நிற்கிறது.

போலிக் குரல்

பிரபலப் பாடகர் மறுத்தால் அவரைப் போலப் பாடுபவரைக் கூப்பிடுவது பழைய தந்திரம். ஃபோர்டு காருக்கான விளம்பரத்துக்குப் பாட அமெரிக்கப் பாடகி பெட் மிட்லர் மறுத்தபோது, அவருக்குப் பின்குரல் பாடிய ஒருவரையே அழைத்து அவரைப் போலப் பாடவைத்தார்கள். பாட்டின் உரிமையை முறையாக வாங்கியிருந்தார்கள், குரலுக்கு என்ன உரிமை என்பதுதான் கேள்வி. தனித்தன்மையுள்ள புகழ்பெற்ற குரலை வணிகத்துக்காக வேண்டுமென்றே நகல் செய்வது தவறு என்று 1988-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது, பின்னர் ஜூரி 4 லட்சம் டாலர் தந்தது. சிப்ஸ் விளம்பரம் ஒன்றில் தன் கரகரக் குரலைப் போலிசெய்ததற்காகப் பாடகர் டாம் வெய்ட்ஸ் தொடுத்த வழக்கிலும் 1992-ல் அதே வழிதான், தொகை 20 லட்சம் டாலருக்கு மேல்.

இப்போது போலிசெய்ய ஆளே வேண்டாம். 2024 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம், அரிஜித் சிங்கின் குரலைச் செயற்கை நுண்ணறிவால் நகலெடுக்கும் கருவிகளுக்குத் தடை விதித்தது. அதே ஆண்டு 'லால் சலாம்' படத்தில் மறைந்த பம்பா பாக்கியா, ஷாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ரஹ்மான் இம்முறையில் பயன்படுத்தியபோது, குடும்பத்தாரிடம் அனுமதி பெற்றுத் தொகையும் கொடுத்ததாகத் தெரிவித்தார். புகழ்பெற்றவருக்கு நீதிமன்றம் உண்டு. பெயர் தெரியாத ஜிங்கிள் பாடகருக்கு அவருடைய ஒப்பந்தத் தாள்தான் காவல், அதில் எழுதாதது அவருக்கு இல்லை.

செஷனுக்குப் போகும் முன் தாளில் இருக்க வேண்டியவை

1. ஊடகம்: தொலைக்காட்சி, வானொலி, இணையம், திரையரங்கு ஆகியவை தனித்தனியாக. 'எல்லா ஊடகமும்' என்ற ஒரு சொல்லுக்குக் கையெழுத்திட்டால் பிறகு பேச எதுவும் மிஞ்சாது.
2. காலம்: ஓராண்டு என்று எழுதி, நீட்டித்தால் முதல் தொகையில் இத்தனை சதவீதம் என்று எண்ணைக் குறிப்பது. ராயல்டிக்கு இந்தியாவில் நடைமுறையில் கிடைக்கும் நெருங்கிய மாற்று இதுதான்.
3. மொழி, நாடு: தமிழில் பாடியது இலங்கையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஓடுமானால் அதை ஒப்பந்தத்தில் தனியாக எழுத வேண்டும்.
4. வெட்டு: 30 நொடிக்குப் பாடிய குரலிலிருந்து 5 நொடி ஒலிமுத்திரை எடுத்து நிரந்தரமாக வைத்துக்கொள்வது வேறு பயன்பாடு, வேறு தொகை.
5. ஸ்க்ராட்ச்: மாதிரிக்கு என்று சொல்லிக் குறைந்த தொகையில் பாடவைத்த குரலே வாடிக்கையாளருக்குப் பிடித்துப்போய் அப்படியே ஒளிபரப்பாவது அடிக்கடி நடப்பது. மாதிரிக் குரல் ஒளிபரப்பானால் முழுத் தொகை என்று முன்கூட்டியே இருக்க வேண்டும்.
6. நகல்: இந்தப் பதிவைக் குரல் மாதிரியைப் பயிற்றுவிக்கவோ, புதிய வரிகளைப் பாடவைக்கவோ பயன்படுத்தக் கூடாது. பயன்படுத்தினால் புதிய செஷனாகக் கருதப்படும்.